எதற்கோ எழுதிவைத்த குறிப்பு

இறந்து எட்டு மாதம் ஆன ஒருவர் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய்க்கான மாத்திரை வாங்கியிருந்தார். ஒரு தடவை அல்ல, மாதம் தவறாமல். அந்த வரிசையைத் திரையில் பார்த்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது, அப்புறம் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் இந்த ஒன்று தப்பு என்றால் இதே முறையில் இணைத்த மற்ற ஆயிரக்கணக்கான வரிசைகளை எந்த தைரியத்தில் நம்புவது? பெயர்களைப் பார்க்கும் உரிமை எனக்குக் கிடையாது. அதற்கென்று தனியாக ஒரு குழு இருக்கிறது, அவர்கள் இரண்டு நாள் தோண்டிவிட்டுச் சொன்னார்கள்: அது ஒருவர் அல்ல, இருவர். இரட்டையர். ஒரே பிறந்த தேதி, ஒரே குடும்பப் பெயர், ஒரே முகவரி, முதல் பெயரின் முதல் எழுத்தும் ஒன்று. மரணப் பதிவேட்டையும் மருந்துப் பதிவேட்டையும் பொருத்திப் பார்த்த நிரல் இருவரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. ஒருவர் போய்விட்டார், இன்னொருவர் மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

பல நாடுகளின் மருத்துவப் பதிவுகளை இணைத்து நரம்பு நோய்களைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா என்று பார்க்கும் ஒரு கூட்டு ஆய்வில் நான் தரவு துடைக்கும் ஆள். மருத்துவம் படித்தவன் இல்லை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் "தேதி சரிபார்க்கிறேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன், அது பொய்யும் இல்லை. போன வாரம் ஒரு நண்பர் விடவில்லை. "இத்தனை நாடு, இத்தனை லட்சம் பேர் எதற்கு? நூறு நோயாளியை உட்காரவைத்து ஒழுங்காக விசாரித்தால் போதாதா?" நல்ல கேள்வி. நான் அன்றைக்குச் சொன்ன பதில் சுத்தச் சொதப்பல், அதனால் இங்கே எழுதுகிறேன்.

விசாரிக்கலாம்தான். ஆனால் மூளை, நரம்பு நோய்கள் வெளியே தெரியும்போது கதை பாதிக்கு மேல் முடிந்திருக்கும். பார்க்கின்சனில் கை நடுங்க ஆரம்பிக்கும் நேரத்தில் உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்களில் கணிசமான பங்கு ஏற்கனவே செத்திருக்கும். அல்சைமரில் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவது மறதி தெரிவதற்குப் பத்து இருபது வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் இருபது வருடத்துக்கு முந்தியது: அப்போது என்ன காய்ச்சல் வந்தது, எந்த மருந்து சாப்பிட்டீர்கள், எந்த அறுவை சிகிச்சை நடந்தது? நம்மில் யாருக்கு அது நினைவிருக்கும்? மறதி நோயிலோ நிலைமை இன்னும் மோசம், பதில் சொல்ல வேண்டிய உறுப்பே பழுதாகிக்கொண்டிருக்கிறது. அதனால் யாரோ, எப்போதோ, வேறு எதற்கோ எழுதிவைத்த குறிப்பைத் தேடிப் போகிறோம். இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த நல்ல கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் அப்படி வந்தவைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் கதை. நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் உறையை உடலின் சொந்தப் பாதுகாப்புப் படையே தாக்கும் நோய், சுருக்கமாக எம்.எஸ். எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் மேல் பல வருடமாகச் சந்தேகம் உண்டு. சிக்கல் என்னவென்றால், பெரியவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் உடம்பில் அந்த வைரஸ் இருக்கிறது, ஒரு தடவை வந்தால் ஆயுளுக்கும் தங்கிவிடும். எல்லார் வீட்டிலும் குடியிருக்கும் ஒருவனைத் திருடன் என்று எப்படி நிரூபிப்பது? வைரஸ் இன்னும் தொடாத ஆட்களைக் கண்டுபிடித்து, அது வரும்வரை காத்திருந்து, அப்புறம் நோய் வருகிறதா என்று வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். எம்.எஸ். அரிதான நோய் வேறு. எந்த மருத்துவமனையாலும் ஆகிற காரியம் இல்லை.

அமெரிக்க ராணுவம் அதைச் செய்து வைத்திருந்தது, செய்கிறோம் என்று தெரியாமலே. பணியில் இருப்பவர்களிடம் எச்.ஐ.வி. பரிசோதனைக்காக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போல ரத்தம் எடுத்தார்கள், மீந்த சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, கொட்டாமல் ஃப்ரீசரில் போட்டார்கள். 6 கோடிக்கும் மேற்பட்ட குப்பிகள் சேர்ந்துவிட்டன. ஹார்வர்டில் அல்பெர்த்தோ அஷேரியோவின் குழு, 1993 முதல் 2013 வரை பணியில் இருந்த 1 கோடிக்கும் அதிகமானவர்களின் மருத்துவப் பதிவை அந்தக் குப்பிகளோடு இணைத்தது. பணிக்காலத்தில் எம்.எஸ். வந்தவர்கள் 955 பேர். அவர்களில் 801 பேரின் ரத்தம் ஆய்வுக்குப் போதுமான அளவு இருந்தது, ஒரே ஒருவரைத் தவிர அத்தனை பேருக்கும் வைரஸ் முந்திக்கொண்டு வந்திருந்தது. முதல் குப்பியில் வைரஸின் சுவடே இல்லாதவர்கள் 35 பேர், அதில் 34 பேருக்கு நோய்க்கு முன்னால் தொற்று ஏற்பட்டிருந்தது. கணக்குப் போட்டால் தொற்றுக்குப் பின் ஆபத்து 32 மடங்கு. இதே போல எச்சில் வழியாகப் பரவும் சைட்டோமெகலோ வைரஸை வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. நரம்பு சிதைந்தால் ரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம்கூட வைரஸ் வந்த பிறகுதான் ஏறியது. 2022 ஜனவரியில் சயின்ஸ் இதழில் வந்தது.

நண்பருக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ஒரு கோடிப் பேரில் தொடங்கினால்தான் கடைசியில் அந்த 35 பேர் கையில் கிடைப்பார்கள். நூறு பேரை வைத்துக்கொண்டு தொடங்கியிருந்தால் அரை ஆள்கூடத் தேறாது.

இன்னொரு கதை வேல்ஸில் நடந்தது. சின்னம்மை வைரஸ் ஒருமுறை வந்தால் நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்ளும், வயதானபின் எழுந்து அக்கியாக வரும். அக்கிக்குத் தடுப்பூசி போட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருந்தன, யாரும் முழுசாக நம்பவில்லை. காரணம் எளிது: தேடிப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்பவர் நடைப்பயிற்சி போவார், ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், இப்படி நூறு வேறுபாடு இருக்கும். ஊசிக்கு மட்டும் எப்படி நல்ல பெயர் கொடுப்பது?

வேல்ஸில் 2013 செப்டம்பர் 1 அன்று இந்தத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது ஒரு விதி வைத்தார்கள். 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஊசி உண்டு. அதற்கு ஒரு நாள் முன்னால் பிறந்திருந்தாலும் கிடையாது, எப்போதுமே கிடையாது. மனிதாபிமானமாகப் பார்த்தால் எரிச்சல் வரும் விதி. புள்ளிவிவரக்காரனுக்கு அது லாட்டரி விழுந்த மாதிரி. ஒரு வாரம் முன்னால் பிறந்தவரும் ஒரு வாரம் பின்னால் பிறந்தவரும் வேறு எதிலும் மாறுபடப் போவதில்லை, ஆனால் முதல் கூட்டத்தில் ஊசி போட்டவர் 0.01 சதவீதம், இரண்டாவதில் 47 சதவீதம். ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் இருக்கும் செய்ல் என்ற தரவு வங்கியில் அந்த நாட்டு மருத்துவர்களின் குறிப்பும் மருத்துவமனைப் பதிவும் மரணப் பதிவும் ஏற்கனவே இணைந்து கிடந்தன. ஸ்டான்ஃபர்டின் பாஸ்கல் கெல்ட்செட்ஸர் குழு அதில் சுமார் 2.8 லட்சம் முதியவர்களை ஏழு வருடம் பின்தொடர்ந்து பார்த்தது. ஊசி போட்டவர்களுக்கு மறதி நோய் வருவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது, பெண்களிடம் அந்தப் பலன் கூடுதல். 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்தது. ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரி பிறந்த தேதி வைத்து ஒரு விதி இருந்தது, அங்கே பார்த்தபோதும் விடை அதே பக்கம்தான் சாய்ந்தது. ஒரு நாட்டில் மட்டும் வந்த விடையை நான் பாதிதான் நம்புவேன். இரண்டாவது நாட்டில், வேறு பதிவேட்டில், வேறு தேதியில் அதே விடை வந்தால் நிமிர்ந்து உட்காருவேன்.

அந்தத் தேதியைக் குறித்த அதிகாரி மறதி நோயைப் பற்றி ஒரு கணமாவது யோசித்திருப்பாரா? வாய்ப்பே இல்லை.

எல்லாம் இப்படி அழகாக முடிவதில்லை. டென்மார்க்கில் 1968 முதல் குடிமக்கள் எல்லாருக்கும் அடையாள எண், 1977 முதல் மருத்துவமனைப் பதிவேடு. வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று தெரியும் முன்பு, மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பை வெட்டிவிடுவதுதான் ஒரு சிகிச்சை. பார்க்கின்சன் குடலில் தொடங்கி அந்த நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறதோ என்று ஒரு கருத்து இருக்கிறது இல்லையா, அப்படியானால் பாதையை வெட்டியவர்களுக்கு நோய் குறைவாக வர வேண்டும். பழைய அறுவை சிகிச்சைக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள், 2015-ல் வந்த முடிவு அப்படித்தான் இருந்தது: நரம்பை முழுசாக வெட்டியவர்களுக்கு ஆபத்து குறைவு, கிளையை மட்டும் வெட்டியவர்களுக்குக் குறையவில்லை. கேட்கவே சிலிர்க்கிறது. இரண்டு வருடம் கழித்து ஸ்வீடன் தன் பதிவேட்டில் அதே கேள்வியைக் கேட்டது. மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, முழு வெட்டு நடந்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆனவர்களிடம் மட்டும் அந்தச் சாயல் தெரிந்தது. அரைக் கதவு திறந்த மாதிரி. நான் இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன், ஆனால் டென்மார்க் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு மேடையில் பேசுபவர்களைப் பார்த்தால் கொஞ்சம் கடுப்பாகும்.

தடுப்பூசிக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த அதே வகைப் பதிவேடுதான் இன்னொரு தடுப்பூசியை மாட்டியும் விட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2009 பன்றிக் காய்ச்சல் காலத்தில் ஐரோப்பாவில் பாண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசி போட்டார்கள். 2010-ல் ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் குழந்தைகளுக்கு நார்கோலெப்சி, அதாவது பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்து விழும் நோய், வழக்கத்தைவிட அதிகமாக வருவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். தடுப்பூசிப் பதிவேட்டையும் நோயாளிப் பதிவேட்டையும் இணைத்தபோது ஃபின்லாந்துச் சிறுவர்களிடமும் பதின்ம வயதினரிடமும் ஆபத்து பன்னிரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு ஆயுளுக்கும் இருக்கும் நோய். பதிவேடு யார் பக்கமும் இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான்.

ஆனால் கேட்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. என் சம்பளமே அங்கேதான் இருக்கிறது.

நோய்க்கு உலகம் முழுக்க ஒரே குறியீடு இருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி. பார்க்கின்சன் என்றால் பத்தாம் பதிப்பில் ஜி20. கேட்க நன்றாக இருக்கிறது. அல்சைமரை எடுத்துக்கொள்ளுங்கள், பத்தாம் பதிப்பில் நரம்பு அத்தியாயத்தில் ஜி30 என்று ஒரு இடம், மனநல அத்தியாயத்தில் எஃப்00 என்று இன்னொரு இடம், என்ன வகை என்று தெரியாத மறதி நோய் என்றால் எஃப்03. எந்த மருத்துவமனை எதை எழுதும் என்பது அந்த மருத்துவமனையின் பழக்கம். பக்கவாதம் பத்தாம் பதிப்பில் இதய, ரத்தக்குழாய் நோய்களோடு இருக்கிறது, பதினொன்றாம் பதிப்பில் நரம்பு நோய்களுக்கு இடம் மாறிவிட்டது. ஒரு நாடு பழையதிலும் ஒரு நாடு புதியதிலும் இருந்தால் "நரம்பு நோய்கள் எத்தனை" என்ற எளிய கேள்விக்கே இரண்டு விடை வரும். 2021-ல் உலகில் 340 கோடிப் பேருக்கு, அதாவது 43 சதவீதம் பேருக்கு, ஏதோ ஒரு நரம்பு மண்டலப் பிரச்சினை இருந்தது என்று 2024-ல் லான்செட் நியூராலஜியில் ஒரு பெரிய கணக்கு வந்தது, தலைவலியும் அதில் சேர்த்தி. அந்த எண்ணைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு முதலில் தோன்றியது, இதை ஒரே பட்டியலுக்குக் கொண்டுவர எத்தனை பேர் எத்தனை இரவு கண்விழித்தார்களோ என்பதுதான்.

குறியீட்டைவிடத் தேதி மோசம். தேதி தெரியாதபோது சில மென்பொருள்கள் 1900 ஜனவரி 1 என்று தாங்களாகவே போட்டுவிடும், அதனால் எங்கள் தரவில் அன்றைக்குப் பிறந்தவர்கள் ஒரு சிற்றூர் அளவுக்கு இருக்கிறார்கள். 3/4 என்றால் மார்ச் நான்கா ஏப்ரல் மூன்றா என்பது யார் எழுதினார் என்பதைப் பொறுத்தது. இதெல்லாம்கூடச் சரிசெய்துவிடலாம். நோய் எப்போது தொடங்கியது என்ற தேதிதான் உயிரை வாங்குகிறது. உடம்பில் முதல் மாற்றம் வந்த நாளா, நோயாளி முதலில் எதையோ உணர்ந்த நாளா, முதலில் மருத்துவரிடம் போன நாளா, நோய்க்குப் பெயர் வைத்த நாளா, அந்தப் பெயரைக் கணினியில் ஏற்றிய நாளா? ஐந்துக்கும் நடுவில் பல வருடம் ஓடிவிடும். கனடாவில் நான்கு மாகாணங்களின் பதிவுகளை இணைத்துப் பார்த்து, எம்.எஸ். முதலில் வெளிப்படுவதற்கு ஐந்து வருடம் முன்பிருந்தே அந்த நோயாளிகள் மற்றவர்களைவிட அதிகமாக மருத்துவமனைக்கும் மருந்துக்கும் அலைந்திருக்கிறார்கள் என்று 2017-ல் காட்டினார்கள். அப்படியானால் நோய் எப்போது வந்தது?

இதில் நானே ஒரு தடவை வழுக்கி விழுந்தேன். மலமிளக்கி மருந்து நீண்ட நாள் எடுத்தவர்களுக்குப் பார்க்கின்சன் அதிகமாக வருகிறது என்று என் அட்டவணை சொன்னது. ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பார்த்துவிட்டுத் தூக்கமே வரவில்லை, ஏதோ பெரிதாகப் பிடித்துவிட்டோம் என்று. காலையில் கூட்டத்தில் காட்டினேன். எங்கள் குழுவின் நரம்பியல் மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, மலச்சிக்கல் அந்த நோயின் அறிகுறி. கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே வரும்" என்றார். மருந்து நோயைக் கொண்டுவரவில்லை, நோய்தான் மருந்தைக் கொண்டுவந்திருக்கிறது. வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கனவுக்கு ஏற்பக் கைகாலை வீசுவது எல்லாம் அதே வகை. அதன் பிறகு எந்த அட்டவணையையும் ராத்திரியில் நம்புவதில்லை.

படித்த வருடம் பற்றிய கூட்டங்களைத் தாண்டிப் போய்விடுகிறேன். ஒரு நாடு "எத்தனை ஆண்டு படித்தார்" என்று கேட்டிருக்கிறது, இன்னொன்று "கடைசியாக வாங்கிய சான்றிதழ் எது" என்று கேட்டிருக்கிறது, மறதி நோய் ஆய்வில் கல்வி முக்கியம் என்பதால் இரண்டையும் ஒன்றாக்கியே தீர வேண்டும். ஆறு கூட்டம் நடந்தது. ஆறு.

சரி, எல்லாத் தரவையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டால் வேலை சுலபம்தானே என்று தோன்றும். கொட்ட முடியாது, பல நாட்டுச் சட்டம் விடாது, விடாததும் நல்லதுதான். அதனால் தரவு வீட்டிலேயே இருக்கும், கேள்வி மட்டும் பயணம் போகும். எல்லாரும் தங்கள் பதிவை ஓமாப் போன்ற ஒரு பொது அமைப்புக்கு, அதாவது எல்லாருக்கும் ஒரே மாதிரியான தரவு வடிவத்துக்கு, மாற்றி வைத்துக்கொள்வார்கள். நான் நிரலை எழுதி ஒவ்வொரு நாட்டுக்கும் அனுப்புவேன், அவர்கள் தங்கள் சர்வரில் ஓட்டி, கூட்டித்தொகையை மட்டும் திருப்பி அனுப்புவார்கள். அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணையும் மறைத்துவிடுவார்கள், ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று. அரிய நோய்களில் பல கட்டங்கள் அப்படித்தான் இருக்கும், அதனால் எனக்குச் சில நாள் வெறும் நட்சத்திரக் குறிகளாகத் திரும்பி வரும். இரண்டு வாரம் காத்திருந்து, கடைசியில் ஒரு நெடுவரிசையின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை என்று நிரல் பாதியில் நின்ற செய்தி வந்த நாளில் நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. மூளை ஸ்கேன் ஆட்கள் இதை எப்போதோ பழகிவிட்டார்கள். 2009-ல் தொடங்கிய எனிக்மா கூட்டமைப்பில் பெரும்பாலும் ஒவ்வொரு ஆய்வகமும் ஒரே செய்முறைப்படி தன் ஸ்கேன்களைத் தானே அளந்து, விடையைத்தான் பொதுவில் வைக்கும்.

மறைக்கும் விஷயத்தில் எனக்கு அலுப்பு இருந்தாலும் ஆட்சேபம் இல்லை. 1990-களில் மாசசூசெட்ஸ் மாநிலம் தன் ஊழியர்களின் மருத்துவத் தரவைப் பெயரை நீக்கிவிட்டு ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. பெயர்தான் இல்லையே, யாருக்கு என்ன தெரியும் என்றார்கள். அப்போது மாணவியாக இருந்த லட்டானியா ஸ்வீனி 20 டாலர் கொடுத்து வாக்காளர் பட்டியலை வாங்கினார், பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்தினார், ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவைத் தனியாக உருவி எடுத்துவிட்டார். நான் தினமும் செய்யும் வேலையும் அதுவும் தொழில்நுட்பத்தில் ஒன்றுதான், இதை யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். இணைக்கும் கையும் காட்டிக்கொடுக்கும் கையும் ஒரே கை.

என்னை அதைவிட அதிகமாக உறுத்துவது, குறிப்பே இல்லாதவர்கள். பிரிட்டனின் யுகே பயோபேங்க் 2006-க்கும் 2010-க்கும் இடையில் 5 லட்சம் பேரைச் சேர்த்தது, உலகமே பயன்படுத்தும் பொக்கிஷம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அழைப்பு போனவர்களில் வந்தவர்கள் சுமார் 5.5 சதவீதம்தான், வந்தவர்கள் பொதுவாகக் கொஞ்சம் வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்கள், பெரும்பான்மை வெள்ளையர்கள். பார்க்கின்சன் மரபணு ஆய்வுகளும் வெகுகாலம் ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தத்திலேயே நடந்தன. ஜிபி2 என்ற உலகளாவிய பார்க்கின்சன் மரபணுத் திட்டம் வந்த பிறகு, லாகோஸ் பல்கலைக்கழகத்தின் இஞ்ஜிடெகா ஒகுபடேஜோ உள்ளிட்ட நைஜீரிய ஆய்வாளர்களும் அமெரிக்க, பிரிட்டிஷ் குழுக்களும் சேர்ந்து, ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஏறக்குறைய 2 லட்சம் பேரின் தரவைப் பார்த்தார்கள், அதில் நோயாளிகள் 1,500-க்குச் சற்றுக் குறைவு. ஜிபிஏ1 என்ற மரபணுவில் புதிதாக ஒரு மாற்றம் கிடைத்தது. ஒரு பிரதி இருந்தால் ஆபத்து சுமார் ஒன்றரை மடங்கு, இரண்டு இருந்தால் மூன்றரை மடங்கு. ஐரோப்பியர்களிடம் அந்த மாற்றம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, அதனால் அங்கே இன்னும் நூறு வருடம் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. வெளிவந்தது 2023-ல். ஜிபிஏ1 நமக்குப் பழக்கமான மரபணுதான், பல வருடமாக எல்லாரும் துருவிக்கொண்டிருந்த இடம். அங்கேயே கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

பதிவு இருந்தும் பலன் கிடைக்காதவர்கள் உண்டு. வெனிசுவேலாவில் மரகைபோ ஏரிக்கரையில் ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோய் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பங்கள். அமெரிக்க ஆய்வாளர் நான்சி வெக்ஸ்லர், அவருடைய அம்மாவே அந்த நோயில் இறந்தவர், 1979-லிருந்து அங்கே போய் ரத்தம் சேகரித்து, 18,000 பேர் கொண்ட ஒரு வம்ச மரத்தை வரைந்தார். அந்த மரம் இல்லாமல் 1983-ல் நோய் நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்று தெரிந்திருக்காது, 1993-ல் மரபணுவே கையில் கிடைத்திருக்காது. பல ஆய்வகங்கள் சண்டை போடாமல் ஒரே குழுவின் பெயரில் அந்தக் கட்டுரையை வெளியிட்டன, கூட்டு ஆய்வு என்றால் இன்றும் அதைத்தான் முன்மாதிரியாகச் சொல்வார்கள். இன்று யாருக்காவது இந்த நோய் இருக்கிறதா என்று ஒரு ரத்தச் சோதனையில் சொல்லிவிடலாம். அந்த ஏரிக்கரைக் குடும்பங்கள் இன்னும் வறுமையில்தான் இருக்கின்றன. எங்கள் திட்டத்தின் ஒப்புதல் படிவத்தில் "இதனால் உங்களுக்கு நேரடிப் பலன் இல்லாமல் போகலாம்" என்று ஒரு வரி உண்டு, நேர்மையான வரி என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அதைப் படிக்கும்போது அவ்வளவு நிம்மதியாக இல்லை.

அந்த இரட்டையர் விஷயத்துக்கு வருகிறேன். வரிசையை இரண்டாகப் பிரித்துவிட்டோம். ஒரே பிறந்த தேதி, ஒரே முகவரி என்றால் நிரல் தானாக முடிவெடுக்கக் கூடாது, பெயர் பார்க்கும் குழுவில் ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்று விதியும் சேர்த்தாயிற்று. பிரித்த பிறகுதான் கவனித்தேன், மாத்திரை எல்லாம் உயிரோடு இருப்பவருடையது, இறந்தவருடைய பதிவில் நரம்பு நோய்க் குறியீடு ஒன்றுகூட இல்லை. 1999-ல் அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின் முன்னாள் வீரர்களில் இரட்டையர்களைத் தேடிப் பிடித்து, ஐம்பது வயதுக்குப் பின் வரும் பார்க்கின்சனில் ஒரே மாதிரி இரட்டையருக்கும் மற்ற இரட்டையருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இளவயதில் வந்தால்தான் மரபணுவின் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டியிருந்தார்கள். நான் பிழை என்று துடைக்கப்போன வரிசையில் இருந்தது அதே கேள்வி: ஒருவருக்கு வந்து மற்றவருக்கு ஏன் வரவில்லை? இவர்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களா, இரண்டு தனிக் கருவா என்று தெரிந்தால் ஏதாவது சொல்லலாம். பெயர் பார்க்கும் குழுவிடம் கேட்டேன். மருத்துவமனைப் பதிவு, மருந்துப் பதிவு, மரணப் பதிவு மூன்றிலும் தேடிவிட்டு நேற்று பதில் அனுப்பியிருந்தார்கள். அதை யாரும் எழுதிவைக்கவில்லை.